வெள்ளிக்கிழமைக் கடிகாரங்கள்

மும்பை மாநகரில் பல்லாண்டுகளாகக் குடியிருந்தும் சோர் பஜாரைப் பெயரளவில் மட்டுமே அறிந்த தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. ‘திருடர் கடைத்தெரு’ என்று பொருள்படும் அப்பெயரைக் கேட்டவுடனேயே நம் தாய்மார்கள் கைப்பையை இறுகப் பற்றிக்கொள்வார்கள். இரைச்சலைக் குறிக்கும் ‘ஷோர்’ என்னும் சொல்லே நாளடைவில் ‘சோர்’ எனத் திரிந்தது என்று கூறுவாரும் உண்டு. எது உண்மையாயினும் ஆகுக. வெள்ளிக்கிழமைகளில் ஓய்வு வாய்க்கும்போதெல்லாம் யாம் அங்குச் சென்று வருகிறோம். இதுவரை எம் பையிலிருந்து ஒரு காசும் களவு போனதில்லை. யாமாகவே மனமுவந்து இழந்த காசுதான் மிகுதி; அதுவும் பழைய கைக்கடிகாரங்களுக்காக இழந்தது.

மத்திய இரயில்வேயில் வருவோர் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தில் இறங்கி மேற்கு நோக்கியும், மேற்கு இரயில்வேயில் வருவோர் கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கியும் நடத்தல் வேண்டும். பேண்டி பஜாருக்கு அருகே மட்டன் தெரு என வழங்கும் வீதியே இக்கடைத்தெருவின் நடுநாயகம். ஏனைய நாள்களில் இங்குள்ள கடைகளில் சரவிளக்குகள், கிராமபோன் பெட்டிகள், பித்தளைச் சாமான்கள், பழைய திரைப்படச் சுவரொட்டிகள் முதலியன விற்பனையாகும். வெள்ளிக்கிழமையன்று கடைகள் மூடியிருக்கும். அன்று வீதியே கடையாகிவிடும். விடியுமுன்னரே வணிகர்கள் கோணியையும் தார்ப்பாயையும் விரித்துவிடுவார்கள். கைப்பேசி வெளிச்சத்தில் ஒருவர் துளையிடும் கருவியைப் புரட்டிப் பார்ப்பார். மற்றொருவர் குழாயைத் திருகிப் பார்ப்பார். ஒற்றைச் செருப்பும் அங்கே விலைக்கு உண்டு. இணை எங்கே என்று கேட்டோம். ‘அடுத்த வாரம் வரும்’ என்று விடை வந்தது.

இவற்றினிடையே கடிகாரக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒரு துணி விரிப்பின்மேல் நூற்றுக்கணக்கான கைக்கடிகாரங்கள் மீன் குவியல்போல் கிடக்கும். வார் அறுந்தவை, கண்ணாடி உடைந்தவை, முள் இழந்தவை, முகமே இழந்தவை எனப் பலவகை. பெங்களூரின் எச்.எம்.டி., ஜப்பானின் செய்கோவும் சிட்டிசனும், ஹைதராபாத்தின் ஆல்வின், மின்கலம் தீர்ந்த டைட்டன் ஆகியவற்றோடு, நல்லூழ் இருப்பின் ஒரு ஃபேவர்-லூபாவோ வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியின் ‘சோவார்’ கடிகாரமோ அகப்படும். பின்னிரண்டும் சுவிட்சர்லாந்தில் செய்யப்பெற்றவை; ஆயினும் அவற்றின் வாழ்வு இந்நகரோடு பிணைந்தது. ஃபேவர்-லூபா 1865-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் கால் பதித்த நிறுவனம். ‘சோவார்’ என்பதோ குதிரைவீரனைக் குறிக்கும் இந்நாட்டுச் சொல். சுவிஸ் மலைகளில் உருவான கடிகாரத்திற்கு இந்தியாவில் விற்கவேண்டி இந்துஸ்தானிப் பெயர் சூட்டினார்கள் என்றால், நம்மவர் மணிக்கட்டுக்கு அன்று எத்துணை மதிப்பிருந்தது பாருங்கள்!

விலை பேசுவது ஒரு தனிக் கலை. விரும்பிய பொருளை நேரே கையிலெடுத்தால் விலை இருமடங்காகும். எனவே யாம் வேண்டாத மூன்றை முதலில் எடுத்துக் குறை கூறிவிட்டு, வேண்டியதை நான்காவதாகத் தொடுவோம். வணிகரோ இத்தந்திரத்தை நம் பாட்டனார் காலத்திலிருந்தே அறிந்தவர். ‘சாஹேப், நான்காவதைத்தானே கேட்க வந்தீர்கள்?’ என்று ஒருநாள் அவர் கேட்டபோது எமக்கு முகம் சிவந்துவிட்டது.

எம்மை இச்சந்தைக்கு இழுத்து வந்தது ஆராய்ச்சி ஆர்வமன்று, ஒரு வருத்தமே. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது.

எம் தந்தையார் இரயில்வேயில் பணியாற்றியவர். 1983-ஆம் ஆண்டில் வேலை நிரந்தரமானபோது கிடைத்த நிலுவைத் தொகையில் ஓர் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் வாங்கினார். வெள்ளை முகப்பு, மெல்லிய முட்கள், நாள்தோறும் சாவி கொடுத்தால்தான் ஓடும். காலையில் பல் துலக்கியதும் அவர் செய்யும் முதற்பணி அதற்குச் சாவி கொடுப்பதே. இருபது முப்பது முறை திருகுவார். அந்தக் கரகர ஒலிதான் எங்கள் தாராவி வீட்டில் பொழுது விடிந்ததற்கு அடையாளம்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை இந்நகரில் வாழ்ந்தோர் எவரும் மறக்கவியலாது. சாந்தாகுரூஸில் மட்டும் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. இரயில்கள் நின்றன. குர்லாவில் பணியிலிருந்த தந்தையார் இரவெல்லாம் வெள்ளத்தில் நடந்து மறுநாள் விடியலில் வீடு சேர்ந்தார். வலக்கையால் உணவுப் பெட்டியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி, இடக்கையால் யாரோ கட்டியிருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு வந்தாராம். உணவுப் பெட்டி நனையவில்லை. கடிகாரம் நீரில் மூழ்கிவிட்டது. ‘காலிப் பெட்டியைக் காப்பாற்றிக் கடிகாரத்தை விட்டுவிட்டீர்களே!’ என்று அம்மா கேட்டது இன்றும் செவியில் ஒலிக்கிறது. தெருவோரத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் அதைத் துடைத்து ஓடச் செய்துவிட்டார். ஆனால் முகப்பில், மூன்று மணிக் குறிக்கு அருகே, தேநீர் சிந்தியதுபோல் ஒரு கறை நிலைத்துவிட்டது. சாவி கொடுக்கும் திருகு அவ்விடத்தில்தான் உறைக்குள் நுழைகிறது. நீரும் அவ்வழியே நுழைந்திருக்கிறது. அந்தக் கறையோடே தந்தையார் நான்காண்டுகள் அதை அணிந்தார். 2009-இல் பணிக்காலத்திலேயே காலமானார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்த எமக்கு அவர் பொருட்டு இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. கடிகாரம் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

2017-இல் அதை ஓடச் செய்து அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு கடையில் கொடுத்தோம். கடையின் பெயர் இங்கு வேண்டா. ஒரு வாரத்திற்குப் பின் கடைக்காரர் பெருமிதத்தோடு அதை எம் கையில் வைத்தார். கடிகாரம் ஓடியது. ஆனால் முகப்பு வானநீலமாக மின்னியது! கறை இல்லை, வெள்ளை இல்லை, எழுத்துகளும் பழைய எழுத்துகள் அல்ல. ‘புதிது போலாக்கிவிட்டேன், இதற்குத் தனிக் கூலிகூட வாங்கவில்லை’ என்றார். அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. பளபளப்பை விரும்பி வருவோரே அவரிடம் மிகுதி. கறையை விரும்பும் வாடிக்கையாளரை அவர் எங்கே கண்டிருப்பார்? அம்மா அதை வாங்கி ஒரு கணம் பார்த்தார். ‘இது உங்கள் அப்பாவின் கடிகாரம் இல்லை’ என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் ஓர் ஐயம் எம்மை அரிக்கத் தொடங்கிற்று. கடைக்காரர் பழைய முகப்பின் மீதே வண்ணம் பூசினாரா, அன்றி அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை வைத்தாரா? கேட்கப் போனோம். நாளைக்குப் பத்து கடிகாரங்கள் வருகின்றன, எதை நினைவில் வைப்பது என்றார். அதுவும் நியாயமே. இனி அச்சந்தையில் ஒரு பழைய வெள்ளை ஜனதா முகப்பைத் தேடிப் பொருத்துவோம் என்று முடிவு செய்தோம். இவ்வாறுதான் வெள்ளிக்கிழமைகள் எம்மைப் பற்றிக்கொண்டன.

போகப் போகத்தான் தெரிந்தது, எம் வீட்டில் நேர்ந்தது ஊரெல்லாம் நடக்கும் தொழில் என்று. பழைய முகப்பைச் சுரண்டிப் புது வண்ணம் பூசி அச்சிட்ட கடிகாரங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்று ஏளனமாக அழைக்கிறார்கள். நம் நகரின் பெயர் இவ்வழியிலும் உலகெங்கும் பரவியிருப்பது பெருமையா சிறுமையா என்று எமக்குத் துணிய முடியவில்லை. ஒரு கடிகாரத்தின் உறை, இரண்டாவதன் இயந்திரம், மூன்றாவதன் முட்கள், புதிதாய்ப் பூசிய முகப்பு எனக் கூட்டி ஒன்றாக்கி விற்பதும் இதில் அடங்கும்.

இவற்றை இனங்காணும் வழி சிலவற்றை அனுபவத்தில் கற்றோம். தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாலும் கூர்மையாக இருக்கும். மறுபூச்சில் எழுத்து தடித்து, விளிம்பு அலையலையாகத் தெரியும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேர்கோட்டில் நில்லாமல் விலகும். முகப்பின் அடியில் இருக்கவேண்டிய நுண்ணெழுத்து மறைந்திருக்கும். செங்கிச்சிலி நிறமும் கிளிப்பச்சையும் மினுமினுத்தால் பெரும்பாலும் ஐயமே வேண்டா. இன்னொன்று: முகப்புத் தகட்டின் பின்னே இரண்டு சிறு கால்கள் உண்டு, அவை இயந்திரத்தின் துளைகளில் பொருந்தித் தகட்டை அசையாமல் நிறுத்தும். அக்கால்கள் ஒடிந்து பசையால் ஒட்டப்பட்டிருந்தால், அம்முகப்பு அவ்வியந்திரத்திற்கு உரியதன்று என்று கொள்ளலாம்.

ஆயினும், இம்மறுபூச்சுக் கடிகாரங்களை முற்றும் வெறுக்கவும் எம்மால் இயலவில்லை. சுவிஸ் கடிகாரம் வாங்கப் பணமில்லாதவர், இருக்கும் பழையதையே புதிதாக்கித் திருமணத்திற்கு அணிந்து போன நகரம் இது. ஏளனம் செய்வோர் அந்த மணிக்கட்டுகளைப் பார்த்ததில்லை.

முகப்பைத் தேடப்போய் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டோம். ஓடாத கடிகாரங்களை வாங்கி வந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டாயிற்று. சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு வில் சுருண்டு இறுகுகிறது. அதுவே மெயின் ஸ்பிரிங். அது விரிய முயலும் விசை பற்சக்கரங்கள் வழியே சென்று, முடிவில் ஊசலாடும் சிறு சக்கரம் ஒன்றை உந்துகிறது. அதற்குப் பாலன்ஸ் என்று பெயர். அதனோடு தலைமயிரினும் நுண்ணிய சுருள்வில் ஒன்று இணைந்திருக்கிறது. எச்.எம்.டி.யின் சாவிக் கடிகாரங்களில் இது மணிக்கு 18,000 முறை துடிக்கும். அதாவது நொடிக்கு 5 முறை. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ அத்துடிப்பே. ‘17 ஜுவல்ஸ்’ என்று முகப்பில் எழுதியிருப்பதைக் கண்டு உள்ளே பதினேழு மாணிக்கங்கள் இருப்பதாக எண்ணி உடைத்துப் பார்த்தோரும் உண்டு. கற்கள் இருப்பது உண்மைதான்; அவை செயற்கைக் கெம்புகள்; அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காகப் பதித்தவை; விற்றால் ஒரு கோப்பைத் தேநீருக்குத் தேறுமா என்பது ஐயமே.

கடிகாரங்கள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் உள்ளிருக்கும் எண்ணெயே காரணம். ஆண்டுகள் கழிந்தால் அது பிசினாகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. பிரித்து, கழுவி, ஊசிமுனை அளவு புது எண்ணெய் வைத்தால் பல கடிகாரங்கள் தாமே எழுந்துவிடும். பாலன்ஸின் அச்சு ஒடிந்தவைதாம் தொல்லை தரும். அவற்றுக்கு மற்றொரு கடிகாரத்திலிருந்து உறுப்பு எடுத்தல் வேண்டும்.

யாம் முதன்முதலில் எம் கையாலேயே உருவாக்கியது ஓர் எச்.எம்.டி. பைலட். கறுப்பு முகப்பு ஒரு வெள்ளிக்கிழமை 150 ரூபாய்க்கு வந்தது. உறை இன்னொரு வெள்ளிக்கிழமை. இயந்திரம் இரண்டு பழுதானவற்றைக் கூட்டிச் செய்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. மூன்றாவது ஞாயிறன்று சின்னஞ்சிறு வில் ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்து மறைந்தது. குடும்பமே தரையில் தவழ்ந்து தேடிற்று. காந்தத்தைக் கொண்டு பாயைத் துழாவினோம். இரண்டு நாள் கழித்து அரிசி களையும்போது இல்லாள் அதைக் கண்டெடுத்தார். அரிசியில் கல் பொறுக்கும் கண்ணுக்கு எந்த உருப்பெருக்கியும் ஈடாகாது என்று அன்று ஒப்புக்கொண்டோம். கடைசித் திருகை முடுக்கிச் சாவியை இரண்டு சுற்று திருப்பியபோது பாலன்ஸ் தயங்கி, ஒருமுறை அசைந்து, பிறகு விடாமல் துடிக்கத் தொடங்கிற்று. அவ்வின்பத்தை எழுத்தில் வடிப்பது கடினம். இன்று பல நாட்டு ஆர்வலர் செய்கோ குழுமத்தின் என்.எச்.35 என்னும் புத்தம்புது இயந்திரத்தை விலைக்கு வாங்கி, உறையும் முகப்பும் தனியே தருவித்துத் தமக்கெனக் கடிகாரம் அமைத்துக்கொள்கிறார்கள். அது எளிது; கை அசைவிலேயே அதற்குச் சாவி ஏறிவிடும். ஆனால் நின்றதை எழுப்பும் சுவை அதில் இல்லை என்பது எம் கருத்து.

இதற்கிடையில் ஒரு வெள்ளை ஜனதா முகப்பும் அகப்பட்டுவிட்டது. ஆனால் பல போலிகளைக் கண்டு கண்டு எம் கண்ணின்மீதே எமக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. மூலக் கடிகாரத்தை ஒருமுறை நேரில் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். 2023 டிசம்பரில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தந்தையாரின் கடிகாரத்தையும் அந்த முகப்பையும் ஒரு சோப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து அடக்கிப் பெங்களூருக்குப் புறப்பட்டோம்.

சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறுமுன் அக்கட்டிடத்தின் பெரிய கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது எம் வழக்கம். இந்நகர் தனக்கென ஒரு நேரம் வைத்திருந்ததை இன்றைய இளைஞர் அறியார். 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பம்பாய் மக்கள் 1955 வரை அதனினும் 39 நிமிடம் பின்தங்கிய தம் ஊர் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1906-க்கு முன் இரயில்வேக்கள் பின்பற்றியது எந்த நேரம் தெரியுமா? சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரம்! பம்பாயிலிருந்து புறப்பட்ட வண்டியும் சென்னை நேரப்படியே புறப்பட்டது. ஊர்க் கடிகாரத்தை நம்பி நிலையத்திற்கு வந்தவர் அரை மணி தாமதித்து வண்டியைத் தவறவிட்டிருப்பார். இதனை எம் அலுவலக நண்பர்களிடம் சொல்லிச் சற்றே மார்தட்டுவது எமக்கு வழக்கம்.

வண்டி புணே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் வழியே ஓடிற்று. சோலாப்பூருக்கு அப்பால் நிலம் வறண்டு விரிகிறது. இரவெல்லாம் தலையணையின்கீழ் சோப்புப் பெட்டியை வைத்துப் படுத்திருந்தோம். மறுநாள் காலை பெங்களூர்.

நகரின் வடமேற்கே ஜாலஹள்ளி என்னும் பகுதியில் எச்.எம்.டி.யின் பாரம்பரிய அருங்காட்சியகம் அமைந்துள்ளது. பழைய பங்களா ஒன்றில், மரநிழல் சூழ, அமைதியாக இருக்கிறது. 1953-இல் இயந்திரக் கருவிகள் செய்வதற்காகத் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகார ஆலையை நிறுவிற்று. முதல் தொகுதிக் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். பின்னர்த் தும்கூரிலும், இமயத்தின் அடிவாரத்தில் ராணிபாக்கிலும், ஸ்ரீநகரிலும் ஆலைகள் எழுந்தன. தேர்வில் தேறிய மாணவனுக்கும், தாலி கட்டிய மாப்பிள்ளைக்கும், ஓய்வு பெற்ற ஊழியருக்கும் இந்நாடு தந்த பரிசு நெடுங்காலம் அதுவாகவே இருந்தது. அதன் சரிவுக்கு ஒரு காரணம் நம் தமிழ் மண்ணிலிருந்து வந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் ஆலை அமைத்து 1987-இல் மின்கலக் கடிகாரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கும் வேலை மக்களுக்குச் சுமையாயிற்று. 2016-இல் எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. தும்கூர் ஆலை இருந்த நிலம் பின்னர் விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்குப் போயிற்று.

உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், யாம் சந்தையில் குவியலாகக் கண்டவை எல்லாம் வரிசையாக, தூய்மையாக, பெயரோடு நின்றன. பார்வையற்றோர் தடவி நேரம் அறியும் கடிகாரத்தையும் கண்டோம். ஜனதாவின்முன் நெடுநேரம் நின்றோம். யாம் கொண்டுவந்த வெள்ளை முகப்பு சரியானதுதான். எழுத்தும் கோடும் ஒத்திருந்தன. உவகை பொங்கியிருக்கவேண்டும். ஏனோ பொங்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்த ஜனதா எவர் கையும் படாதது. அதில் எம் தந்தையாரைத் தேடியது எம் பேதைமை.

அங்கிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கவனித்து அருகே வந்தார். அந்த ஆலையிலேயே பணியாற்றியவராம். யாம் தமிழர் என்றறிந்ததும் தமிழிலேயே பேசத் தொடங்கினார். சோப்புப் பெட்டியைத் திறந்து காட்டினோம். நீல முகப்பைக் கண்டு சிரித்தார்.

‘இது பம்பாய் வேலை, தம்பி.’

‘ஆம் ஐயா. இது பழைய தகடுதானா, வேறொன்றா என்பதே தெரியவில்லை.’

‘கழற்றிப் பின்பக்கம் பார்த்தீர்களா?’

யாம் விழித்தோம். எத்தனையோ கடிகாரங்களைப் பிரித்த யாம் இதை மட்டும் ஒருநாளும் பிரித்ததில்லை. கை நடுங்கும் என்ற அச்சம் ஒன்று. பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடுமே என்ற அச்சம் மற்றொன்று.

‘முகப்பு பித்தளைத் தகடு. பூசுகிறவன் முன்பக்கத்தைத்தான் சுரண்டுவான். பின்பக்கத்தைச் சுரண்ட அவனுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? தண்ணீர் புகுந்த தகடென்றால் பித்தளையில் களிம்பு ஏறியிருக்கும். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாருங்கள். இங்கே வேண்டாம், வெளிச்சம் போதாது’ என்றார். வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது. எம் முகத்தைப் பார்த்துத்தான் அவ்வாறு சொன்னார் போலும்.

லால்பாகில் எச்.எம்.டி. அமைத்த பூங்கடிகாரத்தைப் பார்க்க எண்ணியிருந்தோம். பார்க்கவில்லை. அன்றிரவு வண்டியிலேயே இடம் தேடினோம்.

மும்பை சேர்ந்த மறுநாள் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின், உணவு மேசையில் வெள்ளைத் துணி விரித்து விளக்கை இழுத்து வைத்துக்கொண்டோம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பக்கத்தில் அமர்ந்திருந்தார். பின்மூடியைத் திறந்ததும் அதன் உட்புறத்தில் பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிய அடையாளங்கள் தெரிந்தன. கடிகாரக்காரர் தாம் கைவைத்த நாளைக் குறிப்பது ஒரு மரபு. அவற்றுள் ஒன்று ‘8-8-05’ என்றிருந்தது. வெள்ளம் வடிந்த பின் துடைத்துக் கொடுத்தாரே, அந்தத் தெருவோரக் கலைஞர் கீறியது. ஆனால் இது உறை பற்றிய சான்று மட்டுமே, முகப்பைப் பற்றியதன்று. முட்களை எடுத்தோம். பக்கவாட்டுத் திருகுகளைத் தளர்த்தி நீல முகப்பைத் தூக்கினோம். இரண்டு கால்களும் ஒடியாமல் இருந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு தகட்டைக் கவிழ்த்தோம்.

மஞ்சள் பித்தளையில், முன்புறத்து மூன்று மணிக்கு நேர் பின்னே, கட்டைவிரல் நகத்தின் பாதியளவு ஒரு பசுங்கறுப்புத் திட்டு. அதன் விளிம்பு நீர் வற்றிய குளக்கரைபோல் வளைந்து வளைந்து இருந்தது.

உருப்பெருக்கிக் கண்ணாடியோடு அதை அம்மாவிடம் நீட்டினோம். அவருக்கு அதைக் கண்ணில் பொருத்தத் தெரியவில்லை. வெறுங்கண்ணாலேயே விளக்கருகில் சாய்த்துப் பார்த்தார். ‘அந்தக் கையால்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்’ என்றார். பிறகு, ‘வெங்காயக் கை’ என்று சொல்லித் தகட்டை எம்மிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவி வந்து, மறுபடியும் வாங்கிப் பார்த்தார்.

சந்தையில் வாங்கிய வெள்ளை முகப்பை அன்று பொருத்தவில்லை. இயந்திரத்தைக் கழுவி எண்ணெய் வைத்து, நீலத் தகட்டையே அதன் கால்களில் மீண்டும் நிறுத்தினோம். இப்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்துகிறது. அம்மா காலையில் அதற்குச் சாவி கொடுக்கிறார். முப்பது சுற்றுக்கு மேல் திருகக்கூடாது என்று சொன்னால் கேட்பதில்லை.

அந்த வெள்ளை முகப்பு இன்னும் சோப்புப் பெட்டியில் உள்ளது. ஜனதா கடிகாரம் வைத்திருந்து முகப்பின்றி வருந்தும் சங்க அன்பர் எவரேனும் இருப்பின், மாலை வேளையில் சங்க அலுவலகத்தில் கேட்டால் எம்மிடம் தெரிவிப்பார்கள். விலை வேண்டா. பழைய முகப்பைக் கழற்றும்போது பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.